பழனி மலைநாட்டு வரலாறு – 4: பொதினிக் கோமான் பேகன்

சென்ற இயலில் விரிவாகக் கூறப்பட்ட கல்திட்டைகள், அதாவது பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி அவற்றின்மேல் மூடுகல் ஏற்றி அமைத்த பெருங்கற்கால ஈமச் சின்னங்கள், தாண்டிக்குடியிலிருந்து பெருமாள்மலை வரை மலைமுகடுகள் எங்கும் சிதறிக் கிடந்தும், அவற்றை எழுப்பிய மக்களில் ஒருவருடைய பெயரைக்கூட வெளிப்படுத்தவில்லை. செண்பகனூர் இயேசு சபைத் துறவியர் ஆங்லேடும் நியூட்டனும் அவற்றை அளந்து வரைந்து எழுதிய நூல் 1928-இல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது; கற்களின் நீளமும் அகலமும் அதில் உண்டு, ஆண்டவர் யார் என்பதற்கு விடை இல்லை. இம்மலைநாட்டை ஆண்டவன் என்று பெயரும் குடியும் குணமும் தெரிய நிற்கும் முதல் மன்னர்களுள் தலையானவன், சங்கப் புலவர்கள் பாடிய வையாவிக் கோப்பெரும் பேகன். அவன் வெட்டுவித்த கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. பெயர் பொறித்த காசு இல்லை. ஆட்சியாண்டுக் கணக்கும் பெற்றோர் பெயரும் இல்லை. புறநானூற்றில் 141 முதல் 147 வரையுள்ள ஏழு பாட்டுகளும், 158-ஆம் பாட்டில் வரும் ஒரு குறிப்பும், சிறுபாணாற்றுப்படையின் சில அடிகளுமே அவனைப் பற்றிய சான்றுகளின் பெரும்பகுதி என்பதால், அவனுடைய வரலாறு எழுதுவது என்பது அப்பாட்டுகளைப் படிப்பதாகவே அமைகிறது.

பேகன் பிறந்த ஆவியர் குடி, வேளிர் எனப்பட்ட குறுநில மன்னர் குடிகளுள் ஒன்று. சேர சோழ பாண்டியர் ஆற்றுச் சமவெளிகளையும் துறைமுகங்களையும் ஆண்டபோது, அவர்களுக்கு இடைப்பட்ட மலைநாடுகளைத் தமக்கென வைத்துக்கொண்டு, சில வேளை வேந்தர்க்குத் துணையாகவும் சில வேளை பகையாகவும் நின்றவர்கள் இவ்வேளிர். ஆவியரின் தலைநகரான பொதினி இன்றைய பழனி என்பதும், அதன் அடிவாரத்துத் திருஆவினன்குடி அக்குடியின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது என்பதும் அறிஞர் பெரும்பாலோர் ஏற்ற முடிவு. அகநானூற்றின் முதல் பாட்டிலும் 61-ஆம் பாட்டிலும் மாமூலனார் இப்பொதினியை நெடுவேள் ஆவி என்னும் தலைவனுக்கு உரியதாகப் பாடுகிறார். அவன் குதிரைப்படை கொண்ட மழவரைப் போரில் புறமுதுகிடச் செய்தவன் என்றும், அவனுடைய நகரம் பொன் மிகுந்தது என்றும் அப்பாட்டுகளால் தெரிகிறது. முதல் பாட்டில் வரும் உவமை ஒன்று வரலாற்று மாணவர்க்குப் போர்ச் செய்தியினும் பயன்படுவது. கருவிகளைத் தீட்டும் சாணைக்கல்லை அரக்கோடு சேர்த்துப் பிரியாதபடி இறுக்கும் காரோடன் என்னும் தொழிலாளியைப் பொதினியில் வைத்துப் பாடுகிறார் புலவர். இரும்புக் கருவிகளும் அவற்றைத் தீட்டுவோரும் அந்நகரில் புலவர் கண்ணில் படும் அளவுக்கு இருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை. நெடுவேள் ஆவி பேகனின் முன்னோன் என்பது பலர் கருத்து. எத்தனை தலைமுறை முந்தியவன் என்பதைப் பாட்டுகள் கூறவில்லை.

இந்நாட்டின் அமைப்பு ஆவியரின் ஆற்றலை விளக்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளைத்து வரும் பழனி மலைத்தொடரின் வடசரிவு செங்குத்தாக இறங்க, அதன் அடியில் வறண்ட புதர்க்காடும் சமநிலமும் விரிகின்றன. அச்சரிவில் இறங்கும் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி முதலியவற்றின் நீர் சண்முகநதியாகி, அமராவதியில் கலந்து, கரூரைக் கடந்து காவிரியை அடைகிறது. அமராவதியே பழைய ஆன்பொருநை, கரூரே சேரரின் வஞ்சி என்று கொள்வோரின் கருத்துப்படி பார்த்தால், பேகனின் மலையில் பெய்த மழைதான் சேரர் தலைநகரின் ஆற்றில் ஓடியது. மதுரையிலிருந்து கொங்கு நாட்டைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குச் செல்லும் பெருவழியும் இவ்வடிவாரத்தை ஒட்டியே சென்றது. பழனிக்கு அருகிலுள்ள கலையம்புத்தூரில் 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் அவ்வழியில் நடந்த வணிகத்தின் எச்சம். மலைமேல் மிளகும் தேனும் யானைத் தந்தமும், கீழே வணிகச் சாத்துகள் போகும் சாலையும் ஆக இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்திருந்த தலைவன் வேந்தரும் பெண் கேட்டு வரும் நிலையில் இருந்ததில் வியப்பில்லை.

பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், பொருந்தலாற்றங்கரையில் உள்ள பொருந்தல் என்னும் ஊரில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் நடத்திய அகழாய்வு, இப்பகுதியின் வாழ்க்கையைப் பாட்டுக்கு வெளியே காட்டும் சிறந்த சான்று. கண்ணாடி மணிகள் செய்த உலையும், ஈமக்குழிகளில் ஆயிரக்கணக்கான மணிகளும், நான்கு கால்கள் கொண்ட சாடி ஒன்றில் சுமார் 2 கிலோ நெல்லும் அங்கே வெளிப்பட்டன. அந்நெல்லைக் கரிமக் கணிப்புக்கு, அதாவது உயிர்ப்பொருளில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கரியின் அளவைக்கொண்டு காலம் காணும் முறைக்கு, உட்படுத்தியபோது கி.மு. 490 என்னும் காலம் கிடைத்தது. அதே ஈமக்குழியில் தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த தாங்கி ஒன்றும் இருந்ததால், எழுத்தின் பழமை பற்றிய விவாதம் எழுந்தது. அவ்விவாதம் இன்னும் முடியவில்லை. இங்கே கருத வேண்டியது வேறு. பேகன் பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே அவனுடைய நாட்டின் அடிவாரத்தில் நெல்லும், நுண்மணித் தொழிலும், எழுத்தறிவும் இருந்தன. சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுவே என்று கொள்வதும் பொருத்தமானது. ஆகவே மலைச்சிற்றூரில் குறவர் சூழ வாழ்ந்த எளிய தலைவனாக மட்டும் பேகனைக் கற்பனை செய்வது பிழையாகும்.

அவனுடைய காலத்தை நேராகக் கணிக்க வழியில்லை. அவனைப் பாடியவர்களைக் கொண்டே கணிக்க வேண்டும். பரணர், கபிலர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர் அவனைப் பாடினர். இந்நால்வரும் சேர மன்னர்களைப் பற்றிய தொகைநூலான பதிற்றுப்பத்தில் ஆளுக்கொரு பத்துப் பாடியவர்கள்: பரணர் செங்குட்டுவனையும், கபிலர் செல்வக்கடுங்கோ வாழியாதனையும், அரிசில் கிழார் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையையும், பெருங்குன்றூர் கிழார் இளஞ்சேரல் இரும்பொறையையும் பாடினர். செங்குட்டுவனை இலங்கைக் கயவாகுவின் காலத்தோடு இணைத்தும், புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் வரும் சேரல் இரும்பொறை மரபினரை இப்பாட்டுகளின் மன்னரோடு ஒப்பிட்டும், கி.பி. 2-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் பேகனுக்குப் பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கணிப்பின் ஒவ்வொரு கண்ணியும் ஆய்வாளரால் ஐயுறப்பட்டதுதான். எனினும் இதனினும் உறுதியான வேறொன்று இல்லை.

பேகன் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது மயிலும் போர்வையும். பாடநூல்களின் படங்களில் குளிரில் நடுங்கும் மயிலின் மீது மன்னன் தன் மேலாடையைக் குனிந்து போர்த்துகிறான். பாட்டுகளைத் தனித்தனியே படித்தால் செய்தி இவ்வளவு எளிதாக இல்லை. 141-ஆம் பாட்டில், வழியில் எதிர்ப்பட்ட வறிய பாணனைப் பேகனிடம் அனுப்பும் பரணர், மயில் ஆடையை உடுக்காது, போர்த்துக்கொள்ளாது என்பது தெரிந்திருந்தும் அவன் கொடுத்தான் என்கிறார். மறுபிறவியின் பயன் கருதிக் கொடுப்பவன் அல்லன், பிறர் வறுமையைக் கருதிக் கொடுப்பவன் என்றும் சேர்க்கிறார். 142-ஆம் பாட்டில், நீர் வற்றிய குளத்திலும் அகன்ற வயலிலும் பெய்வதோடு நில்லாமல் எதுவும் விளையாத உவர் நிலத்திலும் பெய்துவிடும் மழையை அவனுக்கு உவமையாக்குகிறார். பயன்படுமா, பெறுவோர் தகுதியுடையவரா என்று பாராமல் வழங்கும் இவ்வறியாமைக்குக் கொடைமடம் என்று பெயர். கொடையில் அறியாமை உண்டே தவிரப் போரில் அவனுக்கு அறியாமை இல்லை என்று அப்பாட்டு முடிவதால், இது பழிப்புப் போலத் தோன்றும் புகழ்ச்சி என்பது விளங்கும். இவ்விரு பாட்டுகளிலும் குளிரும் இல்லை, நடுக்கமும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பேகன், பாரி, காரி, ஆய், அதியன், நள்ளி, ஓரி என்று எழுவரை வரிசைப்படுத்தும்போதும், கானத்து மயிலுக்கு ஆடை அளித்தவன் என்பதே செய்தி. இவர்களைக் கடையெழு வள்ளல்கள் என்று வகுத்தது பிற்கால மரபு.

மயில் நடுங்கும் என்று இரங்கிக் கொடுத்தான் என்னும் காரணம் புறநானூற்றுப் பேகன் பாட்டுகளில் ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. அவ்விடம் 145-ஆம் பாட்டு. அது புகழ்ப்பாட்டு அன்று, கண்டனப்பாட்டு. (மயில் கொடைக்கானல் உச்சியின் பறவை அன்று, அடிவாரப் புதர்க்காட்டின் பறவை, ஆகவே அந்த நடுக்கத்தைப் பறவையின் இயல்பைக்கொண்டு ஆராய்வதைவிட, புலவர் அதை எங்கே, எதற்காகச் சொன்னார் என்று கேட்பதே பயன் தரும்.)

பேகன் தன் மனைவியைத் துறந்து வேறொரு பெண்ணிடம் வாழ்ந்தான். மனைவியின் பெயர் கண்ணகி. பாட்டுகளுக்குள் அப்பெயர் வரவில்லை; பாடியவர், பாடப்பட்டவர், பாடிய காரணம் ஆகியவற்றைத் தரும் பழைய அடிக்குறிப்புகளான கொளுக்களிலேயே வருகிறது. 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் இந்த ஒரு செய்தியைப் பற்றியவை. இவற்றை ஒவ்வாக் காதலைக் குறிக்கும் பெருந்திணையில், பிரிந்த கணவனை மனைவியோடு சேர்க்க முயலும் குறுங்கலி என்னும் துறையில் தொகுப்பாளர் அடக்கினர். நான்கு புலவர்கள், அதுவும் அக்காலத் தமிழகத்தின் முதல் வரிசைப் புலவர்கள், ஒரு மன்னனுடைய வீட்டுச் செய்தியில் ஒரே குரலாகத் தலையிட்டமைக்குச் சங்க இலக்கியத்தில் வேறு எடுத்துக்காட்டுக் காண்பது அரிது.

கபிலரின் பாட்டு மலையில் தொடங்குகிறது. மழை வேண்டிக் கடவுளுக்குப் பலியிட்ட குறவர், பெய்த மழை மிகுந்துவிடவே அது நிற்க வேண்டும் என்று மீண்டும் வழிபட்டு, அது நீங்கிய மகிழ்ச்சியில் தினையுணவு உண்ணும் நாட்டுக்குரியவனே என்று பேகனை விளிக்கிறார். இரு பருவக் காற்றுகளாலும் மழை பெறும் பழனி மலையில் இக்காட்சி இன்றைக்கும் பொருந்தும். பின்னர், பசித்த சுற்றத்தோடு நடந்து களைத்து, அருவி முழங்கும் சிற்றூர் ஒன்றின் வாயிலில் நின்று உன்னையும் உன் மலையையும் பாடியபோது, கண்ணீரை அடக்க மாட்டாமல் ஒரு பெண் விம்மி அழுதாளே, இரங்கத்தக்க அவள் யார் என்று கேட்கிறார். யார் என்பது கேட்டவர்க்கும் தெரியும், கேட்கப்பட்டவனுக்கும் தெரியும்.

பரணர் 144-இல் இன்னும் நெருங்கிச் செல்கிறார். மாலைக்குரிய செவ்வழிப் பண்ணை யாழில் இசைத்து மன்னனின் காட்டைப் பாடியபோது அழுத பெண்ணிடம், எங்கள் தலைவனின் நட்பை விரும்புவோர்க்கு உறவோ நீ என்று அவரே வணங்கிக் கேட்கிறார். அவள் கண்ணீரை விரலால் துடைத்துக்கொண்டு, தான் அவனுக்கு உறவில்லை என்கிறாள். தன்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி, முல்லை வேலி சூழ்ந்த நல்லூருக்கு அவன் நாள்தோறும் தேர் ஒலிக்க வருவதாகச் சொல்கிறார்கள் என்று, பிறர் சொல்லக் கேட்ட செய்தியாகக் கூறி நிறுத்துகிறாள். ஐந்து பாட்டுகளிலும் கண்ணகி வாய் திறப்பது இங்கே மட்டும். தன் கணவனை அயலானாகவே வைத்துப் பேசும் அம்மறுமொழியின் கூர்மை, ஊடலின் அளவைக் கடந்தது.

145-ஆம் பாட்டில்தான் மயில் திரும்பி வருகிறது. நடுங்கும் என்று மயிலுக்கு இரங்கி ஆடை தந்த புகழுடையவனே என்று தொடங்கும் பரணர், தாம் பசித்து வரவில்லை, தம்மைச் சார்ந்து வாழும் சுற்றமும் இல்லை என்கிறார். இன்றிரவே தேரேறிச் சென்று அவளுடைய துயரைக் களைவதே தாம் இரக்கும் பரிசில் என்கிறார். அரிசில் கிழாரும் அவ்வாறே, அணிகலனும் செல்வமும் வேண்டாம், தமக்குத் தர விரும்பினால் அவளுடைய கூந்தல் மீண்டும் நறும்புகை பெற்று மாலை சூடும்படி குதிரைகளைத் தேரில் பூட்டுக என்கிறார். பெருங்குன்றூர் கிழார், அருவிகள் பல கடந்து மலைவழியில் வந்து, மழைத்துளி சொட்டும் ஓசையைத் தனியே கேட்டு நின்ற அவளைக் கண்டதாகக் கூறி, ஆவியர் கோவே, இன்றே புறப்படுவதுதான் எமக்குத் தரும் பரிசில் என்று முடிக்கிறார்.

பரிசில் என்பது பாடியவர்க்கு மன்னன் தரும் கொடை. பாடுவோர் கேட்பதும் புரப்போர் தருவதும் இருவருக்கும் உரிய கடமையாக இருந்த காலம் அது. கேட்டவர்க்கு இல்லை என்று சொன்னதில்லை என்பதே பேகனின் புகழ் முழுவதும். அந்தப் புகழைப் பற்றுக்கோடாகக் கொண்டே, அவன் கொடுக்கத் தயங்கும் ஒன்றைப் பரிசிலாகக் கேட்டுவிட்டனர் புலவர்கள். மறுத்தால் அவன் வள்ளல் அல்லன். கொடுத்தால் வீடு திரும்ப வேண்டும். மயிலின் நடுக்கமும் இவ்வழக்கின் உறுப்பாகவே கூறப்பட்டது. பறவைக்கு இரங்கியவன் மனைவிக்கு இரங்காதது ஏன் என்னும் வினா அதில் அடங்கியிருக்கிறது. அவ்வினாவை விட்டுவிட்டு மயிலை மட்டும் எடுத்துக்கொண்ட பிற்காலத்தார் பேகனைப் பாதியே நினைவில் வைத்தனர் என்று சொல்ல வேண்டும்.

அரசியல் காரணமும் இதில் இருந்திருக்கலாம். பதிற்றுப்பத்தின் பதிகங்கள், அதாவது ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் மன்னனின் பெற்றோரையும் செயல்களையும் கூறும் பிற்காலச் செய்யுள்கள், 4, 6, 8-ஆம் பத்துகளுக்குரிய மூன்று சேர மன்னர்களை வேளாவிக் கோமான் வழிப் பெண்கள் பெற்ற மக்களாகக் குறிக்கின்றன. அவற்றுள் இரண்டில் பதுமன் என்னும் பெயர் வருகிறது. அரிசில் கிழார் பாடிய பெருஞ்சேரல் இரும்பொறையின் தாய் இக்குடிப் பெண். சிலப்பதிகாரம் வஞ்சி நகரில் வேளாவிக்கோ மாளிகை என்று ஒன்றைக் குறிப்பதும், சிறைவிடுக்கப்பட்ட ஆரிய மன்னர்களைச் செங்குட்டுவன் அங்கே தங்கச் செய்ததும் அவ்வுறவின் நெருக்கத்தைக் காட்டுகின்றன. செல்வத்தைக் காட்டி இப்புலவர்களின் வாயடைக்கவும் பேகனால் முடிந்திராது. கபிலர் நூறாயிரம் காணம் பொன்னும் ஒரு குன்றின்மேல் நின்று கண்ணுக்கெட்டிய நிலமும் பெற்றவர் என்றும், அரிசில் கிழார் ஒன்பது நூறாயிரம் காணத்தோடு தமக்குத் தரப்பட்ட அரியணையை மன்னனுக்கே திருப்பித் தந்து அமைச்சரானவர் என்றும் பதிகங்கள் கூறுகின்றன. சேரர் அவையில் இத்தகைய இடம் பெற்றிருந்தவர்கள், சேரர்க்குப் பெண் கொடுத்த குடியின் மானத்தைத் தங்கள் செய்தியாகக் கருதியிருக்கக்கூடும். இது ஊகமே, பாட்டுகள் இரக்கத்தை மட்டுமே காரணமாகக் காட்டுகின்றன.

தொன்மைக்கால அரசர் ஒருவரைப் பற்றிய நினைவு ஒரே ஓர் அருட்செயலில் வந்து நிலைப்பது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியர் தம் 16-ஆம் பேரரசராக எண்ணும் நின்தொகு, உயரமான இடத்தில் நின்று நாட்டைப் பார்த்தபோது வீடுகளில் அடுப்புப் புகை எழாதது கண்டு, மூன்றாண்டு வரியையும் கட்டாய உழைப்பையும் நீக்கினார் என்றும், அக்காலத்தில் அரண்மனைக் கூரை ஒழுகியும் பழுது பார்க்கவில்லை என்றும் 712-இல் முடிந்த கோஜிகியும் 720-இல் முடிந்த நிஹோன் ஷோகியும் கூறுகின்றன. அதே நூல்கள் அவருடைய பட்டத்தரசி இவானோஹிமேயின் மனக்குறையையும் மறைக்கவில்லை. விருந்துக்கு இலை பறிக்கக் கீ நாட்டுக்கு அவர் சென்றிருந்த வேளையில் மன்னர் வேறொரு இளவரசியை அரண்மனைக்குக் கொண்டுவர, செய்தியறிந்த அரசி இலைகளைக் கடலில் எறிந்துவிட்டு யமாஷிரோவுக்குப் போய்விட்டார். நிஹோன் ஷோகியின்படி அவர் திரும்பவே இல்லை. அருளுடைய மன்னன், துயருற்ற மனைவி என்னும் அளவில் இரு கதைகளும் ஒத்திருந்தாலும், சான்றுகளின் தன்மை வேறு. நின்தொகுவுக்கு 87 ஆண்டு ஆட்சி வகுத்து எழுதியவர்கள், மன்னர் மரபின் பெருமையை நிலைநாட்டுவதற்காகச் சில நூற்றாண்டுகள் கழித்து அமர்த்தப்பட்ட அரசவை வரலாற்றாசிரியர்கள். அவருடையது என்று கூறப்படும் 486 மீட்டர் நீளக் கல்லறைமேடு சக்காய் நகரில் இருக்கிறது. 2019-இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமும் ஆயிற்று. பேகனுக்குக் கல்லறையும் இல்லை, ஆண்டுக்கணக்கும் இல்லை. ஆனால் அவனை நேரில் நோக்கிப் பாடியவர்களின் சொல் இருக்கிறது. வரலாற்றுக்கு எது பயன்மிக்கது என்றால், பின்னதே என்பதில் ஐயமில்லை.

ஆவியரின் இறுதி எவ்வாறு நேர்ந்தது என்பதற்குப் பாட்டுகளில் விடை இல்லை. பெயர் மட்டும் நீண்ட காலம் நின்றது. திருமுருகாற்றுப்படை திருஆவினன்குடியை முருகனின் படைவீடுகளுள் வைத்தது. 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் ஆவினன்குடியைப் பாடியபோது அதைக் கொங்கு வைகாவூர் நாட்டில் வைத்துப் பாடினார். பழனி மலையடியில் உள்ள பெருங்குளம் வையாபுரிக்குளம் என்றே வழங்குகிறது. பேகனின் மலையுச்சியை வலிமை மிக்க கடவுள் காப்பதாகப் புறநானூற்றின் 158-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் கூறியிருப்பதால், அங்கு வழிபாடு இருந்தமை தெரிகிறது. அக்கடவுள் முருகனே என்று உறுதியாகச் சொல்ல அப்பாட்டு மட்டும் போதாது.

உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபின் இப்பாட்டுகள் யாவர் கைக்கும் எட்டின. பேகன் அன்றிரவு தேர் பூட்டினானா, கண்ணகி அவனை ஏற்றாளா என்பதை அவற்றுள் எதுவும் கூறவில்லை. 147-ஆம் பாட்டோடு பேகனைப் பற்றிய வரிசை முடிந்து, 148-இல் வன்பரணர் கண்டீரக் கோப்பெருநள்ளியைப் பாடத் தொடங்குகிறார்.